மாமி கேட்ட கேள்விகளும் மனைவியின் ஆங்கிலமும்

என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்கும் பொறுப்பு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், என் தலையில் வந்து விழுந்தது. குடும்பத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. வாங்கியவன் நான் ஒருவன்தான். கேரளத்தின் தென்கோடியில், தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது நிஜக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அதே பாடத்தை ஓலைக்கொட்டகையில் நடத்தும் இடத்தில், ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தியது மலையாளத்தில், திட்டியது தமிழில், கரும்பலகையில் எழுதியது மட்டும் ஆங்கிலத்தில். அந்த மொழியை நான் வாய்விட்டுப் பேசியது கரும்பலகையிடம் மட்டுமே. அது ஒருநாளும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. ஆகவே எங்கள் உறவு சுமுகமாகவே போய்க்கொண்டிருந்தது.

அவள் தாவரவியலில் எம்.எஸ்ஸி. ரப்பர் மரத்தின் இலை உதிரும் நோயைப் பற்றி மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டிருந்தாள். அந்தக் குளிரில் ரப்பர் மரம் ஏது என்று கேட்டேன். இங்கே ரப்பர் இலையை உதிர்க்கும் கிருமியின் தாயாதி ஒன்று அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்கை அழித்து ஊர்களைப் பட்டினி போட்டிருக்கிறது, அதனால் அந்தக் குடும்பத்தையே அவர்கள் நன்றாக அறிவார்கள் என்றாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது நாம் விசாரிப்பதைப் போலத்தான் விஞ்ஞானிகளும் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அவர்களும் சரி என்றார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை: ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதி மதிப்பெண் அனுப்ப வேண்டும். விசாரித்தால், சென்னையில் அந்தத் தேர்வுக்கு அடுத்து இடம் இருந்த நாள், வகுப்பு தொடங்கிய பிறகுதான் வந்தது. ஜூலை முடிவதற்குள் நிரூபிக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறு வருஷம் அப்படி ஓர் உதவித்தொகை இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பல்கலைக்கழகம் பெரிய மனது பண்ணி மாற்று வழிகளை எழுதியனுப்பியது. கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் படித்தாள் என்று கல்லூரியே சான்று தரலாம். அல்லது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், இவளுடைய ஆங்கிலத்தை நான் அறிவேன் என்று எழுதித் தரலாம். இரண்டும் போதாது என்று தோன்றினால் பேராசிரியரே தொலைபேசியில் பேசிப் பார்ப்பார்.

கல்லூரிச் சான்று ஒரே நாளில் கிடைத்தது. அவள் தாவரவியல் கேட்டது முழுக்க மலையாளத்தில், நடுநடுவே லத்தீன் பெயர்களோடு. அதை ஆங்கிலவழிக் கல்வி என்று சொல்வதில் ஊரில் யாருக்கும் கூச்சம் கிடையாது, ஏனென்றால் பரீட்சைத்தாள் ஆங்கிலத்தில் வந்தது. பல்கலைக்கழகம் நன்றியோடு பெற்றுக்கொண்டு, இந்தியாவிலிருந்து வரும் எல்லாச் சான்றுகளும் ஒரே மாதிரி இருப்பதாக மரியாதையாகக் குறிப்பிட்டது.

இரண்டாவது வழியில்தான் எனக்கு முழு நம்பிக்கை. காரணம் அவள் ஊர்ச் சபை. பழைய மிஷன் சபை. வருஷந்தோறும் தேவாலய முற்றத்தில் பந்தல் போட்டுக் கன்வென்ஷன் நடக்கும். பிரசங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு போதகர் வருவார். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நிற்பவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த காலத்திலிருந்து அந்த இன்னொரு மைக் என் மனைவியுடையது.

அதற்கென்று ஒரு முறை உண்டு. போதகர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'போதகர் சொல்லுகிறார்' என்று இழுத்தால் சபை தூங்கிவிடும். அவர் கையை நீட்டினால் இவளும் நீட்ட வேண்டும். ஒரு வாக்கியம் காதில் விழுந்து முடிந்ததும் வாயில் வந்துவிட வேண்டும், இரண்டு சேர்ந்தால் ஒன்று தொலைந்துபோகும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆறடி உயரத்தில் நரைத்த ஒரு வெள்ளைக்காரர், "நான் ஒரு காலத்தில் மகா குடிகாரனாக இருந்தேன்" என்பார். பக்கத்தில் இருபது வயதுப் பெண் அதே உருக்கத்தோடு, "நான் ஒரு காலத்தில் மகா குடிகாரனாக இருந்தேன்" என்பாள். சபையில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், கண்ணைத் துடைப்பார்கள். நான் அவளை முதலில் பார்த்தது அந்தப் பந்தலில்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் தன் குடிப்பழக்கத்தை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தாள். உடனே சம்மதித்துவிட்டேன்.

வருஷம் தவறாமல் வந்த அந்த நரைத்த போதகருக்கு எழுதினோம். அன்பான பதில் வந்தது. இவள் பக்தியுள்ளவள், நேரம் தவறாதவள், இவளுடைய தமிழ் மிக இனிமையானது என்று உறுதி கூறியிருந்தார். தமிழில் ஒரு வார்த்தை அறியாத மனிதர் அவர். ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் காதுபட இவள் ஆங்கிலம் பேசியதே இல்லை. ஆங்கிலம் அவளுக்குள் போயிருக்கிறது, வெளியே வந்ததெல்லாம் தமிழ்.

ஆக, தொலைபேசி.

நான் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தேன். 'எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். 'இளந்தளிர்ப் பருவந்தொட்டே என் இதயக் கமலத்தில்' என்ற ரீதியில் போகும் ஆங்கிலம். நான் படித்த நூல்களின் ஆசிரியர்கள் குதிரை வண்டியில் போனவர்கள், அவர்களுடைய ஆங்கிலம்தான் என்னிடம் இருந்தது. அவள் பொறுமையாகப் படித்துவிட்டு, "அத்தான், இதை நான் அப்படியே தமிழாக்கித் தருவேன். ஆனா என்னால இதைப் பேச முடியாது" என்றாள்.

பாறசாலை ஜங்ஷனில் ஒரு டெலிபோன் பூத்துக்கு எண் கொடுத்திருந்தோம். பேராசிரியர் அங்கே மதியம் அழைப்பார், நமக்குச் சாயங்காலம். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து பூத் வைத்திருந்த அண்ணனுக்கு, தன் கடைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் கூப்பிடுவதில் கர்வம். "சாரே, நாலு மணிக்குப் பொறவு ஒருத்தரையும் உள்ள கேற்ற மாட்டேன். இடி வெட்டினா மட்டும் எனக்க கையில இல்ல, கேட்டியளா" என்று சொல்லிவிட்டார்.

ஆரியங்கோட்டிலிருந்து மாமி, மனைவியின் தாயார், பஸ் பிடித்து வந்திருந்தார். இந்தப் பயணத்துக்கு அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. கட்டிக் கொடுத்த பெண் கணவனை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போவது எந்த வேதாகமத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. கணவன் நான் சம்மதித்ததை அவர் என் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை, கையாலாகாத்தனமாகவே எடுத்துக்கொண்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெளியே பெஞ்சில் இருங்கள் என்றேன்.

"எனக்க மொவளைக் கொண்டு போறவன் ஆருன்னு நான் அறியண்டாமா?" என்று கேட்டபடி மாமி கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தார். ஓர் ஆள் நிற்பதற்கென்று செய்த கூண்டு. அவளும் மாமியும் நானும், என் ஒரு பக்க ஆங்கிலமும் உள்ளே நின்றோம். கண்ணாடி வேர்த்தது. வெளியே மழை சன்னமாகத் தூறியது, இடி இல்லை.

மணி அடித்தது. அவள் எடுத்து, "ஹலோ" என்றாள். மறுமுனையில் ஏதோ கரகரவென்று கேட்டது. அவள் முதுகு நிமிர்ந்தது. வலது கை முன்னால் நீண்டது. எங்களைப் பார்த்து, கன்வென்ஷன் குரலில், மணிமணியான தமிழில் அறிவித்தாள்: "வணக்கம். நான் தாவர நோயியல் துறையிலிருந்து பேசுகிறேன். என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?"

பேராசிரியரை அவள் எங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கு, கேக்கு," என்றார் மாமி.

நான் கையைக் காலை ஆட்டி, ஆங்கிலம், ஆங்கிலம் என்று வாயசைத்தேன். அவள் கண்கள் என்மேல் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பந்தலில் நிற்கும்போது இருக்கும் பார்வை அது. ரிசீவர் மறுபடி கரகரத்தது. "அங்கே யாரோ பேசுவது எனக்குக் கேட்கிறது. யார் அது?" என்று எங்களிடமே கேட்டாள்.

"அம்மையாக்கும்னு சொல்லு பிள்ளே," என்றார் மாமி.

அப்போதுதான் அது நடந்தது. அவள் ரிசீவர் பக்கம் திரும்பி, அது என் தாயார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாதாரணமாக, ஒரு தடங்கல் இல்லாமல். எங்கள் கல்யாணத்துக்குப் பின் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆங்கில வாக்கியம் அது. மறுமுனை கரகரத்தது. இப்போது பேசியது என்ன மொழி என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவள் முகம் சிவந்தது. மன்னிக்க வேண்டும், இது பழக்கதோஷம் என்று தொடங்கி, பந்தல், இரண்டாவது மைக், வாக்கியம் சேர்ந்தால் தொலைந்துபோகும் கதை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அதனால்தான் நன்றாக இருந்தது.

மறுபடி கரகரப்பு. மறுபடி கை நீண்டது. "அப்படியானால், உங்கள் தாயாருக்கு என்னிடம் கேட்க ஏதாவது உண்டா?"

மாமிக்கு உண்டு. ஒரு பெண் தனியாக இருக்க அந்த ஊர் கொள்ளாமா, பயமில்லாத இடமா, பக்கத்தில் ஆலயம் உண்டா, அரிசி கிடைக்குமா என்று ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றையும் ஆங்கிலமாக்கினாள், பதிலைத் தமிழாக்கினாள். 'நான் என் மகளையும் இதே ஊரில்தான் வளர்த்தேன்' என்று பேராசிரியர் என் மனைவி குரலில் சொன்னபோது மாமி தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமிக்கு ஆரியங்கோட்டில் கொஞ்சம் ரப்பர் உண்டு, அதில் கொஞ்சம் கவலையும் உண்டு.

"பச்சை இலையே உதிருது. காம்புல ஒரு துளி பால் உறைஞ்சு நிக்கும். துரிசும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிச்சாச்சு. பின்னயும் என்னத்துக்கு உதிருதுன்னு கேளு."

அதைக் கேட்ட பேராசிரியர், எப்போது அடித்தீர்கள் என்று கேட்டார். மழைக்கு முன்னால் என்றார் மாமி. எவ்வளவு முன்னால்? ஆள் கிடைத்த அன்று. அப்படியென்றால் தாமதமாகியிருக்கலாம் என்றார் அவர். தாமதம் ஒன்றும் இல்லை என்றார் மாமி. இருவரும் முகம் பாராமல் நன்றாகவே சண்டையிட்டார்கள். நடுவில் நின்றவள் இரண்டு பக்கத்துக் கோபத்தையும் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூத் அண்ணன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

திடீரென்று அவள் கையைக் கீழே போட்டாள். பேராசிரியரும் பேசவில்லை, மாமியும் பேசவில்லை. அவளே பேசினாள், ஆங்கிலத்தில், வேகமாக. முடித்துவிட்டு, முறைப்படி எங்கள் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள். "எல்லாரும் இலையைப் பார்க்கிறோம். எங்கள் தோட்டத்தில் இலை உதிரும் முன்பே காய் அழுகுவதை நான் பார்த்திருக்கிறேன். கிருமி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது என்று நினைக்கிறேன். நான் காயிலிருந்து தொடங்க விரும்புகிறேன்."

"இது அவரு சொன்னதா?" என்று கேட்டார் மாமி.

"இல்ல அம்மா. நான் சொன்னதாக்கும்."

எத்தனையோ பேருடைய 'நான்' அந்த வாயிலிருந்து வந்து கேட்டிருக்கிறேன். குடிகாரர், கப்பலோட்டி, மனந்திருந்திய சூதாட்டக்காரர். அவளுடையது வந்தது அன்றைக்குத்தான். என் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுமுனை நீளமாக ஏதோ கேட்டது, அவள் நீளமாகப் பதில் சொன்னாள். காய், மழை, காற்று என்று பொறுக்கியெடுக்க முடிந்ததே தவிர என் எம்.ஏ. அதற்குமேல் எட்டவில்லை. பிறகு கை பழையபடி உயர்ந்தது. "அங்கே இன்னொருவர் மூச்சு விடுவதும் எனக்குக் கேட்கிறது. அவருக்கும் கேள்வி உண்டா?"

அது நான். இங்கிலாந்தின் கவிகளை எல்லாம் கரைத்துக் குடித்தவன். ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். அதை அவள் பக்கமே தள்ளினேன். "நீயே கேளு," என்றேன் தமிழில். "இவளுக்கு இடம் உண்டான்னு கேளு."

அவள் அதை அப்படியே கேட்டாள், 'இவளுக்கு' என்றே. பதிலைக் கவனமாக வாங்கிக்கொண்டு, கையை நீட்டி, வேறு யாருக்கோ வந்த செய்தியைப் போல, குரல் பிசகாமல் எங்களுக்குக் கொடுத்தாள்: "உண்டு. அந்தப் பெண்ணின் ஆங்கிலத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். செப்டம்பரில் நான் அவரை எதிர்பார்க்கிறேன்."

"ஆரைப் பிள்ளே எதிர்பாக்குதாரு?" என்றார் மாமி.

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னையாக்கும் அம்மா," என்றாள்.

மாமி முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தார்.

"செரி. அப்பம் கம்பிளி வாங்கணும். எவ்வளவு கட்டியா வேணும்னு அவருட்ட கேளு."

அவள் ரிசீவரைக் காதில் வைத்து, அதையும் கேட்டாள்.