இடுப்பில் ஒரு ரிவால்வர், உட்கார இடமில்லை

துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்த்தால் ஊரே பயப்படும். துப்பாக்கி வைத்திருப்பவன் பயப்படுவது நாற்காலியைப் பார்த்துத்தான்.

இடுப்பில் கொத்துச்சாவி, தொடையில் இடிக்கும் பெரிய செல்போன், வயிற்றுக்கு டாக்டர் கொடுத்த பெல்ட் என்று எதையாவது கட்டிக்கொண்டு அலைகிறவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ராசிங்காபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு ரிவால்வரும் அதற்கு லைசென்ஸும் இருந்தன. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி அதைக் கேள்விப்பட்டு என்னைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். யாரோ போனில் மிரட்டியதாகச் சொன்னார். யார், எதற்காக என்று விசாரித்தேன். அது தெரிந்தால் உன்னை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டார். வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"துப்பாக்கி வெளியில தெரியக் கூடாது. ஆனா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்."

ஏல மையத்தில்

முதலில் வலது இடுப்பில் கட்டினேன். பட்டாளத்தில் பழகிய இடம். ஆனால் அங்கே துப்பாக்கியை யாரும் ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. இங்கே அதன்மேல் சட்டையைத் தொங்கவிட வேண்டும். சட்டை பெரிதானது. அடுத்து பெல்ட் பெரிதானது. பெல்ட்டைத் தாங்க பேன்ட்டும் இறுகியது. ஒரு வாரத்தில் நான் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

முதலாளி ஏல மையத்துக்குப் போனால் நானும் பின்னால் உட்கார வேண்டும். இப்போதெல்லாம் ஏலத்தில் யாரும் கத்துவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். அவ்வளவு அமைதி. எனக்குக் கொடுத்தது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர். உட்காரும்போது ரிவால்வர் உறை கைப்பிடிக்குக் கீழே வாகாகப் போய் நுழைந்துகொண்டது. பரவாயில்லையே, இது நமக்கென்றே செய்த சேர் என்று நினைத்தேன். முதலாளி தான் நினைத்த ஏலக்காய் லாட்டை எடுத்துவிட்ட சந்தோஷத்தில் சட்டென்று எழுந்தார். அவர் எழுந்தால் நானும் எழுந்தாக வேண்டும். எழுந்தேன், சேரும் எழுந்தது. அவர் வாசலைப் பார்த்து நடக்க, நானும் சேருமாகப் பின்னாலேயே போனோம். அவருக்குப் போட்டி வியாபாரி ஒருவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"சரக்கோட சேத்து சேரையும் எடுத்துட்டீங்க போலிருக்கே."

குரங்கணி ரோடு

அடுத்து முதுகுக்கு மாற்றினேன். தண்டுவடத்துக்கு நேராக, பேன்ட்டுக்குள் சொருகி வைப்பது. நின்றால் சுகமாக இருந்தது. நடந்தாலும் சுகமாக இருந்தது. ஆளே நிமிர்ந்து போனேன். முதலாளிக்கும் பிடித்துவிட்டது. இப்போதுதான் பட்டாளத்துக்காரன் மாதிரி இருக்கிறாய் என்றார்.

முதலாளிக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம் உண்டு. அங்கே போக ஜீப்பு. ஓட்டுகிறவர் மொக்கைச்சாமி அண்ணன். அந்த ரோட்டைப் போட்டவர்கள் கல்லைக் கொட்டிவிட்டு மறந்துபோனார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் ஜீப்பு இறங்கி ஏறும்போது சீட்டுக்கும் என் முதுகெலும்புக்கும் நடுவில் ரிவால்வர் இருந்து இரண்டுக்கும் வேண்டியதைச் செய்தது. சாய முடியவில்லை. சாயாமலும் இருக்க முடியவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். ஆபத்து எந்தப் பக்கம் வரும் என்று உன்னிப்பாகப் பார்க்கிறான் பார் என்று முதலாளி பெருமையாக மொக்கைச்சாமி அண்ணனிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் ரிவால்வர் படமே விழுந்திருந்தது. துப்பாக்கிக் குதிரை வரைக்கும் தெளிவாகத் தெரிந்ததாம். தைலம் தேய்த்துக்கொண்டே என் மனைவி சுமதி சொன்னாள்:

"எல்லையில அத்தன வருசம் நின்னு ஒரு கீறல் இல்லாம வந்தீங்க. உக்காந்துக்கிட்டே எப்படிங்க இம்புட்டு அடி வாங்குனீங்க?"

காஜா பாய் யோசனை

இடுப்பும் முதுகும் போனபின் கக்கம்தான் மிச்சம். இரண்டு தோளிலும் தோல் வார் மாட்டி, இடது கக்கத்துக்குள் ரிவால்வர் தொங்குகிற மாதிரி ஒரு உறை வாங்கினேன். மாட்டிக்கொண்டு சட்டையைப் போட்டால் பட்டன் சேரவில்லை. எங்கள் கடைவீதி டெய்லர் காஜா பாயிடம் போனேன்.

அவர் எதையும் நேராகக் கேட்கிறவர் இல்லை. டேப்பை வலது பக்கம் வைத்தார், இடது பக்கம் வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் இடது பக்கம் வைத்தார். எப்போதிருந்து இப்படி இருக்கிறது, வலி உண்டா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று மெதுவாக விசாரித்தார். அவர் கண்ணில் உண்மையான கவலை இருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. சட்டையை விலக்கிக் காட்டினேன். பாய் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். பயப்படவே இல்லை. தொழில்காரர் அல்லவா, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பக்கமும் இதே அளவுக்குப் பஞ்சு வச்சுத் தைச்சுருவோம்ணே. துப்பாக்கின்னு எவனும் நெனைக்க மாட்டான், ஒடம்பே இப்படித்தான்னு விட்ருவான்."

வேட்டி கட்டிய நாள்

முதலாளியின் தங்கை மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பழைய ஆட்கள். எல்லோரும் வேட்டியில் வர வேண்டும் என்று உத்தரவு. வேட்டி சட்டைக்குக் கக்கத்து வார் ஒத்துவரவில்லை. வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு வார் பளிச்சென்று தெரிந்தது. கணுக்காலில் கட்டுகிற உறை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். வாங்கிக் கட்டினேன். வேட்டிக்குள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் முதல் தடவையாக நான் முழு மூச்சு விட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டாமல் நம் ஊரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? மண்டப வாசலில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. எல்லோரும் மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டினார்கள். நான் ஓரமெல்லாம் நனைய நனைய நடந்தேன். பந்தியிலோ தரையில்தான் இலை. சம்மணம் போட்டால் ரிவால்வர் மறு காலின் எலும்பைத் தேடிப்பிடித்து அழுத்தியது. ஒரு காலை நீட்டி உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அதில் தடுக்கி, என்ன தட்டியது என்று குனிந்து பார்த்தார். மூட்டுவலி, கட்டுப் போட்டிருக்கிறேன் என்றேன். பாவம், பாயசம் மட்டும் எனக்கு இரண்டு தடவை ஊற்றினார்.

வெளியே வந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினார்.

"பெரிய மனுசங்க முன்னாடி வேட்டிய எறக்கிவிட்டே நிக்கிறாரு பாருங்கடா, பட்டாளத்துல கத்துக்கிட்ட மரியாதை அது."

போடிமெட்டில்

அதற்கப்புறம் வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை. ஆன்லைனில் படம் போட்டிருந்த ஆள் அதைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் போடிச் சித்திரை வெயிலைப் பார்த்ததில்லை.

கேரளாப் பக்கம் சரக்குப் பார்க்க முதலாளியோடு கிளம்பினோம். என் லைசென்ஸ் எல்லா மாநிலத்துக்கும் செல்லும், அதனால் பயமில்லை. போடிமெட்டு தாண்டியதும் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் என்னை இறங்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்தவர் முகம் பிரகாசமானது. இன்னொருவரையும் கூப்பிட்டார். இருவரும் ஆவலாக நிற்க, நான் மெதுவாக, முதலில் லைசென்ஸ் இருப்பதைச் சொல்லிவிட்டு, சட்டையைத் தூக்கினேன். லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவருக்கு வருத்தம். நம் பக்கத்திலிருந்து சாராயப் பாட்டிலை வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான் அன்றைக்கு நின்றிருந்தார்களாம். அவர்கள் பாஷையில் தோக்கு என்றால் துப்பாக்கி, குப்பி என்றால் பாட்டில், விசாரிச்சு என்றால் நினைத்தேன்.

"தோக்காணோ? ஞான் குப்பியாணெந்நு விசாரிச்சு."

தேர்தல் வந்தது

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்தேன். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டேன். அன்றைக்கு இரவு குப்புறப் படுத்துத் தூங்கினேன். ஜனநாயகத்தின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலாளி விடவில்லை. இடுப்பு தட்டையாக இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டார். உறைக்குள் ஒரு டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு வரச் சொன்னார். அப்படியே போனேன். எல்லோரும் எப்போதும்போல் ஒதுங்கி வழிவிட்டார்கள். கரண்ட் போன ஒரு சாயங்காலம் குடோனில் அதை எடுத்து வெளிச்சமும் காட்டினேன். ரிவால்வரால் ஆகாத வேலை.

முடிவெல்லாம் வந்தபின் திரும்ப வாங்கப் போனேன். ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா எனக்குத் தெரிந்தவர். ரிவால்வரை மேஜைமேல் வைத்துவிட்டு, முதலாளி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் ரிவால்வரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா இது இல்லாமயாண்ணே அவரு நல்லா இருந்தாரு?"

பேச்சியம்மா

இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மழை விட்ட ஒரு மத்தியானம் முதலாளியும் நானும் மொக்கைச்சாமி அண்ணனும் தோட்டத்தில் இருந்தோம். ஏலப் பழம் எடுக்க வந்த பேச்சியம்மா என்ற பெண் சரிவில் வழுக்கி ஓடைக்குள் விழுந்துவிட்டாள். நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. கூட வேலை செய்த பெண்கள்தான் அழுதார்கள். ஜீப்பு நிற்கும் இடம் வெகு கீழே. அதுவரை ஒற்றையடிப் பாதைதான்.

காலை ஆடாமல் கட்டாவிட்டால் எலும்பு சதையைக் கிழித்துவிடும் என்பது பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தது. இரண்டு கம்புகளை வெட்டச் சொன்னேன். கட்டுவதற்குக் கயிறு தோட்டத்து ஷெட்டில்தான் இருந்தது. போய்வர நேரமாகும். நான் சட்டையைக் கழற்றினேன். அன்றைக்குக் கக்கத்து வாரைத்தான் போட்டிருந்தேன். அதை அவிழ்த்தேன். பெல்ட்டையும் உருவினேன். நல்ல அகலமான தோல், சதையை வெட்டாமல் பிடித்தது. ரிவால்வரை என்ன செய்வது? சட்டப்படி வேறு யார் கையிலும் கொடுக்க முடியாது. சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, தோட்டாக்களை எடுத்து அதன் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினேன். ரிவால்வரை என் சாப்பாட்டுத் தூக்குவாளிக்குள் வைத்து மூடி, துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

பெண்கள் மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளி ஒன்றை ஒரு நீளக் கம்பில் தொட்டிலாகக் கட்டி அவளைப் படுக்கவைத்தோம். முன்னால் மொக்கைச்சாமி அண்ணன், பின்னால் நான். வழுக்கும் இடங்களில் முதலாளியே தன் வெள்ளை வேட்டியோடு ஓடைச் சேற்றில் இறங்கிக் கம்பளியைத் தாங்கிப் பிடித்தார். துப்பாக்கி எங்கே என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மிரட்டினவன் அன்றைக்கு வந்திருந்தால் அவனையும் ஒரு பக்கம் தூக்கச் சொல்லியிருப்பார். ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் பேச்சியம்மா வாய்விட்டு அழுதாள். இனிமேல் மலை ஏற முடியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போடிக்கு வந்து, அங்கிருந்து தேனிக்கு அனுப்பி, எலும்பில் பிளேட் வைத்தார்கள். காலை அசையாமல் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று என்று டாக்டர் சொன்னாராம்.

சில மாதம் கழித்து பேச்சியம்மா குடோனுக்கு நடந்தே வந்தாள். காலை லேசாகச் சாய்த்து நடந்தாள், அவ்வளவுதான். மறுபடியும் மலைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். உள்ளே என் வாரும் பெல்ட்டும். சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்டதில், கருவாடு மாதிரி விறைத்துப்போயிருந்தன. நான் நன்றி சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"இம்புட்டு வாரு கட்டியிருந்தீகளே அண்ணே, ஒங்களுக்கும் எலும்பு சரியில்லையா?"

இன்றுவரை எங்கள் முதலாளியை யாரும் சுட வரவில்லை, நானும் யாரையும் சுடவில்லை. இந்தத் தொழிலில் அந்த ரிவால்வரால் காயப்பட்ட ஒரே ஆள் அதைச் சுமந்தவன்தான்.