கலனுக்குள் ஓர் உத்தரம்

ரசாயன ஆலைக் கலன்களுக்குள் வினையூக்கி மணிகள் ஆளுயரத்துக்குக் குவிந்திருக்கும். அந்தப் பாரத்தைக் கீழே சரியாமல் பிடித்து நிறுத்தும் உத்தரங்களையும் கம்பிச் சல்லடைகளையும் வடிவமைப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் 'உத்தரம் மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் தம்பி ஃபிட்டர். அக்கா வரைந்தவற்றைப் பொருத்துவதும், தேய்ந்த மணிகளை உள்ளே இறங்கி அள்ளுவதும் அவன் பிழைப்பு.

"உன் மூளையை நம்பித்தான்க்கா கால வைக்கிறேன்" என்று சீண்டுவான்.

"பாத்து வை. அது உன் மூளை இல்ல, தாங்கும்" என்பாள்.

அப்படி ஒரு பழைய கலனில் மணிகளின் மேல் நின்று அவன் அள்ளிக்கொண்டிருந்தபோது, உத்தரத்தின் ஒரு முனை சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மணிகள் மொத்தமாகச் சரிந்தன. அவனும் அவற்றோடு போனான். தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த உத்தரம் அவள் வடிவமைத்தது. விசாரித்தவர்கள் அவள் கணக்கில் பிழை இல்லை என்றார்கள். உத்தரம் வளையவேயில்லை, அது உட்கார்ந்திருந்த சுவர்த்தாங்கியை மணிகளுக்கு அடியில் துரு தின்றிருந்தது. அங்கே எட்டிப் பார்க்க வழியே இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ போட்ட கணக்குல, அவன் மேல நிக்கிறதும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ஆளுங்க பாரத்தையும் சேத்துதான் போட்டேன்."

"அப்புறம் ஏன்டி?"

அவள் அந்தக் கலனின் வரைபடத்தை எடுத்து விரித்து, சுவர்த்தாங்கி இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

அதன் பின் அவள் வரைந்த கலன்களில் சுவர்த்தாங்கிகள் தடிமனாயின. உத்தரத்துக்குக் கீழே ஆள் நுழையும் வாசல் ஒன்றும் வந்தது. கலனைத் துளைத்தால் பலம் குறையுமே என்று மேலாளர் முகம் சுளித்தார். "துளையைச் சுத்தித் தகடு வெச்சு பலப்படுத்திக்கலாம் சார். பாக்காம யாரும் மேல ஏறக் கூடாது" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார்.

அப்படிச் செய்த முதல் கலனில் மணிகளை மாற்றும் நாள் வந்தது. அவளே கீழ்வாசலில் நுழைந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு தாங்கியையும் தடவிப் பார்த்தாள். வெளியே வந்ததும், ஏறக் காத்திருந்த ஃபிட்டர் ஒருவர் கேட்டார்.

"ஏறலாமா மேடம்?"

தலையை மட்டும் ஆட்டினாள். கடைசி ஆள் வெளியே வரும்வரை கலனின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "இன்னிக்கு உள்ள போனவங்க எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்கம்மா."

"அவங்களப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க" என்றாள் அம்மா.