கச்சானில் காய்ந்த சீனிப்பூ

எங்கள் ஊர்க் கலியாணங்களில் கேக் என்பது இரண்டு பொருள். மேடையில் நிற்பது ஒன்று, சனத்தின் கைக்கு வருவது இன்னொன்று. மேடையில் அடுக்கடுக்காக நிற்பதைக் கேக் ஸ்ட்ரக்சர் என்பார்கள். உள்ளே சாமான் பெட்டிகளில் அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோம், மேலே ஐசிங். கத்தி இறங்குவதற்காக அடித்தட்டில் ஒரு குழி விட்டு, அதற்குள் மட்டும் உண்மையான கேக்கை வைப்பார்கள். கைக்கு வருவது ரிச் கேக். ரவை, முட்டை, கஜு, பிராந்தியில் ஊறிய முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டுச் சுட்டு, ஆறவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றிச் சின்னப் பெட்டியில் கொடுப்பது. முதலாவதைப் படம் எடுப்பார்கள். இரண்டாவதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கலியாணத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது என் மகள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னாள்: “ஸ்ட்ரக்சரை மாமி செய்யட்டும் அம்மா. நீங்கள் பீஸ் செய்யுங்கோ.”

மாமி என்றது என் தம்பியின் மனைவியை. எனக்கு மச்சாள். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? கேக் துண்டுகளுக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டேன். குரல் மாறாமல் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பத்திரிகையில் புரூஃப் திருத்தும் வேலையை விட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிய பிறகு நானும் வீட்டில் கேக் செய்து கொடுக்கிறேன். ஸ்ட்ரக்சரும் செய்வேன். என் ஐசிங்கில் கோடு கோணாது. தமிழில் பெயர் எழுதித் தரச் சொன்னால், நகரத்தில் என்னைப்போல் எழுதுபவர்கள் குறைவு. நான் எழுதிய கேக்கில் ஒரு புள்ளி விடுபட்டதில்லை. ஆனால் என் கேக்கின் முன்னால் யாரும் நின்று பார்த்ததும் இல்லை. மச்சாளின் கேக்கின் முன்னால் நிற்பார்கள். அவருடைய சீனிப்பூக்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது உண்மையான பூவோ?” என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்று அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பூக்கள் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். என் கணவருக்கும் எனக்கும் கொழும்பில் வேலை இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தை மாற்றக்கூடாது என்று மகளைத் தம்பி வீட்டில் விட்டிருந்தோம். அவள் உயர்தரம் முடிக்கும்வரை அங்கேதான் இருந்தாள். அந்த வருடங்களில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது மச்சாள். காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது மச்சாள். நான் மாத முடிவில் பேருந்தில் வந்து, இரண்டு நாள் நின்று, திரும்பிப் போனேன். இதில் மச்சாளின் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. குற்றம் இருந்தால் பிடித்திருப்பேன். அதுதான் என் தொழிலாக இருந்தது.

கலியாணம் ஆவணியில். எங்களுக்கு அது கச்சான் காற்றின் காலம். காலையில் தொடங்கும். தம்பலகாமத்து வயல்களைக் காயவைத்துக்கொண்டு மேற்கிலிருந்து வந்து மோதும். வெளியே போட்ட சேலை ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். பட்டர் ஐசிங்குக்கு இந்தச் சூடு எமன். சீனிப்பூவுக்கோ இதைவிட நல்ல காற்று இல்லை. ஆனால் பின்னேரம் காற்றுத் திரும்பிக் கடல் பக்கமிருந்து வரத் தொடங்கினால், உப்பும் ஈரமும் சேர்ந்து, காய்ந்த பூவும் பிசுபிசுக்கும். இதழ்கள் தொங்கும்.

மச்சாளின் வீடு திறந்த கடலைப் பார்த்தது. எங்களுடைய வீடு உள்துறைமுகப் பக்கம். மேல்மாடியில் மகளின் அறைக்கு மேற்கே இரண்டு யன்னல்கள். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மச்சாள் வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“உங்கட காத்தைக் கொஞ்சம் தாங்கோ மச்சாள்.”

பூக்களை எங்கள் வீட்டில் காயவைக்க வேண்டுமாம். அவர் வீட்டில் கடல் காற்று விடுகுதில்லையாம். அந்த அறையில் ஏசி இருக்கிறது, போட்டு விடுகிறேன் என்றேன். எனக்கு அதில் சிறிது பெருமை இருந்தது. அவர் வீட்டில் ஏசி இல்லை. மச்சாள் தலையாட்டி மறுத்தார். ஏசியில் இருந்து வெளியே கொண்டுவந்தால் பூ வேர்க்கும், வேர்த்தால் நிறம் ஓடும், காற்றுத்தான் வேண்டும் என்றார். சரியான பதில். எனக்கும் தெரிந்திருக்க வேண்டிய பதில்.

மறுநாள் மகள் விடுப்பில் வந்துவிட்டாள். வெள்ளை ஓர்கிட் பூக்கள் வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள். காலையானால் இரண்டு பேரும் மேல்மாடியில். மச்சாள் சீனிப் பசையைத் தாள்போல் தேய்த்து, வெட்டி, விரல் நுனியால் ஓரத்தை மெலிதாக்குவார். மகள் கம்பியில் கோத்து, ரெஜிபோம் பலகையில் குத்தி வைப்பாள். நான் கீழே குசினியில் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருப்பேன். அந்த வெக்கையில் மின்விசிறியும் போட முடியாது, தாள்கள் பறக்கும். கழுத்தால் வேர்வை ஓடும். மேலே இருந்து சிரிப்புக் கேட்கும். என்ன கதை என்று கேட்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். நான் தாளின் மடிப்பை நகத்தால் இன்னும் ஒருமுறை அழுத்துவேன்.

ஒரு நாள் தேத்தண்ணீர் கொண்டு போன சாட்டில் பூக்களைப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதழ் எல்லாம் ஒரே கனம். நடுவில் உதடுபோல வரும் இதழில் இலேசான மஞ்சள், எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் மங்கியது. கம்பி எங்கும் தெரியவில்லை.

மகள் மச்சாளிடம் சொன்னாள்: “மாமி, அம்மா புரூஃப் பாக்கிறா.”

“பாக்கட்டும் பிள்ளை. எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுவா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்வதற்கு ஒரு பிழையும் இருக்கவில்லை. அன்றைக்கு மருமகனாக வரப்போகிறவர் தொலைபேசியில் வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். பூக்கள் கச்சானில் காயுது என்று மகள் சொன்னதும், “பூவை ஏன் கடலையோட போட்டுக் காய வைக்கிறீங்கள்?” என்று கேட்டார். எங்களுக்குக் கச்சான் என்றால் காற்றும்தான், நிலக்கடலையும்தான். மச்சாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் மாமியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். தேத்தண்ணீர் ஆறுகிறது என்று நான் சொன்னேன்.

கலியாணத்துக்கு முன் கடைசிக் கிழமையில் ஒருநாள் அவர்கள் இரண்டு பேரும் சட்டை அளவு பார்க்கத் தையல்காரியிடம் போயிருந்தார்கள். பூக்கள் முழுவதும் திறந்த யன்னலுக்கு முன்னால் இருந்தன. காற்றுத் திரும்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நான் உடுப்பு எடுக்க மேலே போனபோது தற்செயலாக வெளியே பார்த்தேன். உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட படகுகள் கச்சான் அடிக்கும்போது எல்லாம் மேற்கே முகம் கொடுத்து நிற்கும். அன்றைக்கு ஒரு படகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே, கூப்பிட்டதுபோல, கிழக்கே திரும்பின.

யன்னல்களை அடைத்தேன். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயை அடைத்தேன். பூக்களைத் துணியால் மூடிப் பலகையோடு தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். அரிசிப் பானையிலிருந்து அரிசி அள்ளி, தட்டுகளில் பரப்பி, ஈரத்தை இழுக்கட்டும் என்று பக்கத்தில் வைத்தேன். உள்ளே காற்று இல்லை. வேர்வை பூவில் சிந்திவிடும் என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தேன். இதெல்லாம் யாருக்காக என்று அப்போது யோசிக்கவில்லை. மகளின் கலியாணம், மகளின் கேக். செய்தவர் பெயர் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவர்கள் முச்சக்கரவண்டியில் ஓடி வந்தார்கள். வழியிலேயே காற்று மாறினதை மச்சாள் கண்டுவிட்டார். படியில் மூச்சிரைக்க ஏறி, அலுமாரியைத் திறந்து, ஒரு பூவைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். காய்ந்த பூ கண்ணாடிபோலச் சத்தம் போடும். சத்தம் வந்தது.

“ஒண்டும் பழுதாகேல்லை,” என்றார்.

மகள் அவரைக் கட்டிப்பிடித்தாள். அறையில் மூன்று பேர் நின்றோம். அவள் மாமியைக் கட்டிப்பிடித்தாள். என் நெற்றியில் இன்னும் அந்தத் துணி இருந்தது. மச்சாள்தான் என்னைப் பார்த்து, அரிசி வைத்தது நல்ல வேலை என்றார். அவர் சொன்னதால் அது இன்னும் மோசமாக இருந்தது.

கத்தி இறங்கும் குழிக்கு என்ன வைப்பது என்று மச்சாள் கலியாணத்துக்கு முந்தின நாள் கேட்டார். “உங்கட கேக்கில ஒரு துண்டு தாங்கோ மச்சாள். அதைத்தானே சனம் தின்னப்போகுது.” அளவு சொன்னார். அளவுக்கு ஒரு துளி பிசகாமல் வெட்டிக் கொடுத்தேன். கோவிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்து, மகளும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்து வெட்டினார்கள். சனம் கைதட்டியது. மகள் மாப்பிள்ளைக்கு ஊட்டினாள், எனக்கு ஒரு துண்டு ஊட்டினாள், மச்சாளுக்கு ஒரு துண்டு ஊட்டினாள். ஒரு நிமிடத்தில் என் பங்கு முடிந்தது. பிறகு சாப்பாடு முடியும்வரை அந்த ஓர்கிட்டுகளுக்கு முன்னால் சனம் நின்று படம் எடுத்தது. கிண்ணியாவிலிருந்து வந்த மகளின் பள்ளிச் சிநேகிதி என்னிடம் வந்து, “அன்ரி, இந்தப் பூ நீங்களா செய்தனீங்கள்?” என்று கேட்டாள். இல்லை, மாமி என்றேன். உடனே அவள் மாமியைத் தேடிப் போனாள்.

கொழும்புக்குத் திரும்பும்போது மகள் ஒரு பூவைக் கழற்றிப் பெட்டியில் எடுத்துப் போனாள். கேக் பெட்டிகள் மிச்சம் இருந்தன. வேண்டாம் அம்மா, பாரம் என்றாள்.

சில நாட்களுக்குப் பிறகு அழைத்தாள். அவர்களுடைய வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். பூ வளைந்துவிட்டதாம், தொட்டால் ஒட்டுகிறதாம்.

“மாமியைக் கேட்டியோ?” என்றேன்.

“கேட்டனான். அம்மாட்ட அனுப்பு, அங்கதான் காத்து எண்டு சொன்னவ.”

கேட்டது முதலில் மாமியிடம்தான். இருந்தாலும் அனுப்பு என்றேன். ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் கையில் பேருந்தில் வந்து சேர்ந்தது. கச்சானின் கடைசி நாட்கள். மேற்கு யன்னலில் வைத்தேன். படகுகளைப் பார்த்து யன்னலை அடைத்தேன், மறுநாள் திறந்தேன். பூ காய்ந்தது. ஆனால் வளைந்த வடிவிலேயே காய்ந்தது. ஓர் இதழ் மடிந்திருந்தது. உதட்டு இதழ் கீழே தொங்கியது. மஞ்சள் ஓரத்தைத் தாண்டி வெள்ளைக்குள் ஓடியிருந்தது. கம்பி தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்து முடிக்க அன்றைக்கு நேரம் எடுத்தது, ஏனென்றால் முடிக்க மனமில்லை.

அதைத் திருப்பி அனுப்பவில்லை. மகளும் பிறகு கேட்கவில்லை. முன் விறாந்தையில் இருக்கும் கண்ணாடி அலுமாரியில், நல்ல பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மச்சாளின் கையால் வந்த பூக்களில் பிழையோடு இருப்பது, நான் கண்ட அளவில், அது ஒன்றுதான்.

போன மாதம் மச்சாள் வந்தபோது அதைக் கண்டார். எழும்பிக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார்.

“உது சரிவராது மச்சாள். எறிஞ்சுபோட்டு விடுங்கோ. வேற ஒண்டு செய்து தாறன்.”

“வேண்டாம். இது இருக்கட்டும்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, பிள்ளையைப் பிரிந்திருப்பது லேசில்லை, தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார். மகளின் நினைவாகத்தான் அந்தப் பூவை வைத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். நான் அதைத் திருத்தவில்லை.