எட்டடிக்கு மிகாமல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஒடுகத்தூர் போயிருந்தேன். மனு கொடுக்க. போய்வந்து ஆறு நாளாகிறது.

என்ன மனு என்கிறீர்களா? கம்பம்! வீட்டுக் கூரைமேல் நிற்கும் சவுக்குக் கம்பம். அது எவ்வளவு உயரம் இருக்கலாம் என்ற விவகாரம்.

என் மகள் சுகந்தியை வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வேலூரில் பி.எஸ்ஸி. படித்தவள். ஹாஸ்டலில் இருந்தபோது வாரத்துக்கு மூன்று கடிதம் போட்டு வார்டனிடம் நான் பேர் வாங்கினேனே, அதே சுகந்தி. படிப்பை முடித்துவிட்டு நாங்கள் குடியிருக்கும் மலைக்கு வந்தவள், சும்மா இருக்கவில்லை. மெட்ராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். தந்தி அடிப்பதுபோல ‘கட்டு... கட கட்டு’ என்று தட்டிக் காட்டினாள். டில்லியிலிருந்து லைசென்ஸ் வந்தது. அமெச்சூர் ரேடியோ. ‘ஹாம்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நம் வீட்டு ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். இதில் பேசவும் முடியும். அந்தப் பக்கமும் லைசென்ஸ் வாங்கிய ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செட்டை அவளே கட்டினாள். கூரையின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுத்தாள். அவள் ஏணியில் நின்ற நேரமெல்லாம் நான் கீழே நின்று ‘பார்த்து, பார்த்து’ என்றேன். ஆனால் விழவில்லை. பேசத் தொடங்கினாள்.

யாரோடு? அங்கேதான் வந்தது வினை.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய். என் வயதுதான். தினமும் காலையில், கடைக்குக் கிளம்பும் முன் அவர் செட்டைப் போடுவார். இவளும் போடுவாள். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் வரும். இவள் முகம் மலரும். என்னிடம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற பெண்... ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘ம்’, ‘தூங்கினியா?’ என்றால் ‘ம்’. அந்தப் பெண் அங்கே வானிலையிலிருந்து வீட்டு உப்புமாவில் உப்பு அதிகமானதுவரை அளக்கிறாள்.

ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கம் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். “பல்லு வலி மூணு நாளா உயிர் போவுது பாய்” என்று அவள் சொல்வது கேட்டது.

மூன்று நாளாக! எனக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியாது. மலைக்குக் கீழே, எங்கோ தோல் மண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்குத் தெரிகிறது. பிளேடு தாடையில் கீறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன்... எனக்கு வந்தது கோபமா, கவலையா? இரண்டும் இல்லை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

பெற்றவர்கள் மாப்பிள்ளைமேல் பொறாமைப்படுவார்கள், மருமகள்மேல் பொறாமைப்படுவார்கள். கேட்டிருக்கிறோம். ஒரு குரல்மேல் பொறாமைப்பட்ட அப்பனைக் கேட்டிருக்கிறீர்களா?

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து, எனக்கு ஜலதோஷம் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலை. உள்ளேயிருந்து சுகந்தியின் குரல். நடுவில் இரைச்சல். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: “ஓல்ட் மேன்... வெரி வீக் டுடே!” தொடர்ந்து ஒரு சிரிப்பு.

கிழவன், இன்றைக்கு ரொம்ப பலவீனம். என்னைத்தான் சொல்கிறாள்! அதுவும் அந்த பாயிடம்!

அன்று சாயங்காலம் எங்கள் காலனிச் சங்கக் கூட்டம். காவலூரிலிருந்து மேலே ஏறினால், ரோட்டோரமாகப் பதினொரு வீடுகள். பாதிப் பேர் என்னைப் போல வாத்தியார்கள். நான் சங்கச் செயலாளர். எதிர் வீட்டு முனிசாமி, ஃபாரஸ்டில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுந்து நின்றார்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க பொண்ணு நட்ட கம்பி இடிய இட்டாந்து வுட்ரும் போல கீது. போன மாசம் ஏரிக்கரைப் புளியமரம் இன்னா ஆச்சி? ரெண்டா பொளந்துச்சா இல்லியா?”

வேறு நாளாக இருந்தால், இடியை மண்ணில் இறக்க முறையாகத் தரைக் கம்பி போட்டிருக்கிறாள் என்று விளக்கியிருப்பேன். அவளே எனக்கு நாலு தடவை பாடம் எடுத்திருக்கிறாள். அன்று விளக்கவில்லை. நோட்டை இழுத்தேன். ஒரே மூச்சில் எழுதினேன்:

‘வானம் எல்லோருக்கும் பொது. அதில் தனியொரு வீடு கம்பம் நட்டு உரிமை கொண்டாடலாகாது. ஆகவே, எந்த வீட்டின் கம்பமும் கூரையின் உச்சிக்குமேல் எட்டடிக்கு மிகாமல் நிற்றல் வேண்டும்.’

ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்கு வந்து, “எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா... நான் ஒருத்தன் என்ன பண்ண?” என்றேன். சுகந்தி தீர்மானத்தைப் படித்துப் பார்த்தாள். “எட்டடில துணிதான்ப்பா காயப் போடலாம்” என்றாள்.

நான் கொஞ்ச நாளில் அதை அடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக. ஆனால் தீர்மானத்தின் நகல் பஞ்சாயத்து யூனியனுக்குப் போனது. அங்கே யாருக்கோ அந்தத் தமிழ் ரொம்பப் பிடித்துப்போய், ஒன்றியக் கூட்டத்தில் வைத்து, மலை, அடிவாரம் எல்லாவற்றுக்கும் விதியாக்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் கம்பத்தை இறக்காவிட்டால் ஆள் வைத்துப் பிடுங்குவோம் என்று நோட்டீஸ்! என் வீட்டுக் கதவில், என் வாக்கியம், அரசாங்க முத்திரையோடு.

சுகந்தி அழவில்லை. மனு எழுதினாள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். முனிசாமியைக் கூரைக்கே ஏற்றி, இடி விழுந்தால் எந்த வழியாக மண்ணுக்குள் இறங்கும் என்று காட்டி, அவரிடமும் வாங்கிவிட்டாள். எம்.எல்.ஏ. செவ்வாய்க்கிழமை ஒடுகத்தூர் வருகிறார் என்று தெரிந்ததும், “கூட வர்றியாப்பா?” என்றாள்.

எப்படி வரமாட்டேன் என்பது?

எம்.எல்.ஏ. இறங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரே கூட்டம். ஓரத்தில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் நின்றிருந்தார். பக்கத்து ஆளிடம் மணி கேட்டார். அவ்வளவுதான். சுகந்தி திரும்பினாள்.

“பாய்!”

அவரும் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்! பள்ளிக்கூட ஆண்டுவிழாக் கூட்டத்தில் என்னை அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி: “பல்லு மறுபடி வலிக்குதுன்னியே, எப்டிம்மா கீது? கிராம்பு வெச்சியா?”

என் வயிறு எரிந்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வெச்சேன். இப்ப தேவல. தேங்க்யூ, ஓல்ட் மேன்!”

“ஏய் சுகந்தி! பெரியவங்கள மூஞ்சிக்கு நேரா அப்படியா சொல்றது?” என்று சீறினேன்.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். “அட நீங்க வேற சார். இது எங்க பாஷை. ரேடியோவுல ஆம்பளைன்னா எல்லாரும் ஓல்ட் மேன்தான். பதினெட்டு வயசுப் பையன்கூட ஓல்ட் மேன்தான். மரியாதைங்க அது. போன மாசம் என் சிக்னல் சரியா எட்டல. அன்னிக்கு, ‘வெரி வீக் டுடே’ன்னு உங்க பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணுச்சே, கேக்கலியா நீங்க?”

கேட்டேனே. நன்றாகக் கேட்டேனே.

ஒரு மலையின் கம்பங்களையெல்லாம் எட்டடியாக வெட்டியிருக்கிறேன் — ஒரு மரியாதைச் சொல்லை வசவு என்று நினைத்து!

எங்கள் முறை வந்தது. “குந்துங்க, குந்துங்க” என்றார் எம்.எல்.ஏ. சுகந்தி விஷயத்தைச் சொன்னாள். பாய் அடிவாரத்து ஹாம்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். எம்.எல்.ஏ.வுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

“ஏம்மா, எங்க தம்பி சவுதில கீறான். அவன்கிட்ட பேசலாமா இதுல?”

நான் கண்ணைக் காட்டினேன்... ஆமாம் என்று சொல்லித் தொலையேன்!

“முடியாதுங்க. அவரும் லைசென்ஸ் வாங்கணும். அந்த ஊர்லயும் பர்மிஷன் குடுக்கணும்.”

அவர் முகம் சுருங்கியது. “அப்ப எனக்கு இன்னாம்மா பிரயோஜனம்?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. டில்லியில லைசென்ஸ் குடுத்துட்டு, ஊர்ல கம்பம் நடக்கூடாதுன்னா, அந்த லைசென்ஸ நான் ஃபிரேம் போட்டு சொவுத்துலதான் மாட்டணுங்க. அதான் கேக்கறேன்.”

எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். “சரி, அந்த விதிய காட்டு.” வாங்கி உரக்கப் படித்தார். ‘வானம் எல்லோருக்கும் பொது...’ நிறுத்தினார். மறுபடியும் படித்தார். “அடடா. இன்னா எழுத்துய்யா! மேடையில பேசலாம் போல கீதே. யாரு எழுதுனது?”

நான் கூரையைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். எதுவும் தெரியாமல்தான்.

“எங்கப்பாதாங்க” என்றாள் சுகந்தி.

வாசகர்களே, பூமி பிளக்க வேண்டும் என்றெல்லாம் அந்த நேரத்தில் தோன்றாது. செருப்பை எங்கே விட்டோம் என்றுதான் தோன்றும்.

எம்.எல்.ஏ. மேலும் கீழும் பார்த்தார். “நீங்களே எழுதிட்டு, நீங்களே மனுவும் தூக்கிக்கினு வந்தீங்களா? இன்னா சார் இது? கல்யாணத்த நிறுத்திப்புட்டு மொய் எழுத வந்தா மாதிரி!”

அறையே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

“சரி. வெள்ளிக்கிழமை ஒன்றியக் கூட்டத்துக்கு நானே வர்றேன். சட்டசபையிலயும் ஒரு கேள்வி போட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு. எறக்கறதுக்கு எழுதுன கையே ஏத்தறதுக்கும் எழுதணும். இதே அழகா இருக்கணும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் சுகந்தி. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கேட்டுவிடலாம் என்று நினைத்து, மூன்றாவதில்தான் கேட்டேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“‘மிகாமல்’னு நம்ம காலனில வேற யாருப்பா எழுதுவாங்க? ஹாஸ்டலுக்கு லெட்டர் போடுவியே, ‘ஒன்பது மணிக்கு மிகாமல் உறங்கவும்’னு.”

“அப்போ மொதல் நாளே...”

“மொதல் நாளேதான்.”

இத்தனை நாள்! தெரிந்துகொண்டே, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் எது உடனே வாயில் வந்தது தெரியுமா? எழுத வெட்கமாக இருக்கிறது.

“பாய்கிட்ட சொன்னியா?”

“இல்லப்பா. காத்துல சொன்னா ஊருக்கெல்லாம் கேக்கும். உன் மானம் இன்னா ஆவறது? இன்னிக்கி எம்.எல்.ஏ. கேட்டாரு, பொய் சொல்ல வர்ல. அதான் சொல்ட்டேன்.”

பல்வலியைச் சொன்னவள் இதைச் சொல்லவில்லை! அந்த மனிதருக்குத் தெரியாத ஒன்று எனக்கும் என் மகளுக்கும் நடுவே இருந்திருக்கிறது. அது என் அயோக்கியத்தனம்தான். இருந்தாலும் அடுத்த வளைவுவரை எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. (அவள் அத்தனை நாள் காத்த மானத்தை நானே இங்கே அச்சில் ஏற்றிவிட்டேன். அது வேறு விஷயம்.)

அன்று முதல் வியாழன்வரை எழுதினேன், கிழித்தேன். முதல் விதியை எழுத ஐந்து நிமிடம் ஆகவில்லை. இந்த விதிவிலக்குக்கு மூன்று நாள்! ஒரு வரிகூட எழுந்து நிற்கவில்லை. நான் கண்டுகொண்டது இது: பொறாமைக்கு நல்ல நடை உண்டு. வார்த்தைகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். பெருந்தன்மை இருக்கிறதே... அது திக்கித் திக்கித்தான் வருகிறது. எழுத்தாளர்கள் ஒருவரைத் தாக்கி எழுதியதெல்லாம் நன்றாக இருப்பதும், பாராட்டி எழுதியதெல்லாம் வழவழவென்று இருப்பதும் ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கடைசியில் சுகந்தியே பேனாவை வாங்கி ஒரே வரி எழுதினாள்: ‘லைசென்ஸ் உள்ளவர் முப்பதடி வரை கம்பம் வைக்கலாம்.’ அழகில்லை. ஆனால் புரிந்தது. வெள்ளிக்கிழமை எம்.எல்.ஏ. சொன்னபடியே வந்தார். “இதுல வாத்தியார் கை இல்லியே” என்று குறைப்பட்டுக்கொண்டாராம். நிறைவேறிவிட்டது.

சனிக்கிழமை முப்பதடிப் புதுக் கம்பம் ஏறியது. ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவளோடு கொழும்பு பேசியது. இன்று காலை நாக்பூர். பிறகு கேட்டே இராத ஏதோ ஒரு தீவு. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மலர்கிறது.

நேற்றுவரை எனக்கு வாணியம்பாடியின்மேல் மட்டும்தான் பொறாமை. இனி ஒரு அட்லஸ் வாங்க வேண்டும்.