மூலை மனையில் ஒரு பூமி பூஜை

விவாகரத்து வழக்கில் என் கணவர் கொடுத்த சொத்து விவரம் ஒரே பக்கம்தான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, சம்பளக் கணக்கில் பதினோராயிரம் ரூபாய். இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர் இத்தனை எளிமையாக வாழ்ந்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இதை வச்சுத்தான் ஜீவனாம்சம் முடிவாகும். வேற ஏதாச்சும் இருந்தா யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் என் வக்கீலம்மா. மொத்தமாக ஒரு தொகை வந்தால்தான் மகளின் நர்சிங் படிப்பு நிற்காமல் ஓடும். அவர் பெயரில் நிலம் ஏதும் இருந்தாலும், இடம் எதுவென்று தெரியாமல் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேடவும் முடியாதாம்.

யோசிப்பதைவிட, எழுதி வைத்ததைப் படிப்பது எனக்கு எளிது. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை டைரியில் எழுதுவேன். ஆறு வருட டைரிகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாத வெள்ளிக்கிழமை ஒன்று அகப்பட்டது.

அன்று காலை 6.10க்கு மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிளம்பி, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போயிருக்கிறோம். அவருடைய நண்பரின் மனையில் பூமி பூஜை. நண்பர் கல்யாணமாகாதவர். "ஜோடியா உக்கார ஆள் வேணுமாம், வா," என்று என் கணவர் என்னைப் பட்டுப்புடவை கட்டச் சொன்னார். பலகையில் நாங்கள் உட்கார்ந்தோம். நண்பர் ஓரமாக நின்று போனில் படம் எடுத்தார். புரோகிதர் கன்னடத்தில், "ஹெசரு, நட்சத்திரா ஹேளி," என்று பெயரும் நட்சத்திரமும் கேட்க, இவர் எங்களுடையதைச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "உக்காந்திருக்கறவங்க பேரத்தான் சொல்லணும்," என்றார். நம்பி, அதையும் எழுதியிருந்தேன். கூடவே, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, மூலை மனை, கல்லில் பெயிண்டால் 17.

வக்கீலம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "ஒளிச்சும் வைக்கறாரு, பக்கத்துல உக்கார வச்சுப் பூஜையும் பண்றாரு."

"பொண்டாட்டி இல்லாம பண்ணா வீடு எழும்பாதுன்னு பயம் மேடம்."

கர்நாடகப் பக்கத்துப் பதிவு நகல் வந்தது. மனை அவர் பெயரில்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியில் சமரசப் பேச்சுக்கு நகலோடு ஆறு டைரிகளையும் பையில் கொண்டுபோனேன். நகலைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"பூஜையில சுண்டலத் தின்னுட்டு கம்முனுதானே இருந்தே. நம்பரெல்லாமா பாத்தே?"

"சுண்டல்ல உப்பு கம்மிங்க. அதும் எழுதியிருக்குது."

அவர் பார்வை பையை விட்டு நகரவில்லை. "அதுல வேற என்ன எழுதி வச்சிருக்கே?"

"எல்லாந்தான்," என்றேன். அது உண்மை. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால் திரிந்த நாள், எல்லாம் இருந்தன.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய சொத்து விவரம் வந்தது. மூலை மனைக்குக் கீழே, பாரூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு.

"இது எந்த வருசத்து டைரிம்மா?" என்றார் வக்கீலம்மா.

"எதுலயும் இல்ல மேடம். எனக்கே இப்பத்தான் தெரியும்."

மகளின் மீதிப் படிப்புக்குப் போதுமான தொகைக்கு அவர் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய பக்கத்தில் எழுதினேன்: பாரூர், தோப்பு, ஒன்றரை ஏக்கர். தகவல் கொடுத்தவர், அவரே.