ஒரு பக்கம் நசுங்கிய அலை

ஓசூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் ஒரு கம்பெனியில் மின் பராமரிப்பு என் வேலை. போன வருஷம் மெயின் பேனலுக்குப் புது மீட்டரும் மூன்று சி.டி.யும் வாங்கினோம். சி.டி. என்றால் கரண்ட் டிரான்ஸ்பார்மர். தடித்த வயரைச் சுற்றி வளையல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஓடும் மின்சாரத்தின் சிறிய நகலை மீட்டருக்கு அனுப்பும்.

மூன்று பேஸ் மின்சாரத்தில் முதல் பேஸில் மட்டும் மீட்டர் குறைவாகக் காட்டியது. மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். திரையில் மேடும் பள்ளமுமாக அலை ஒழுங்காகப் போக வேண்டும். பள்ளம் சரியாக இருந்தது. மேடு மட்டும் பாதியில் நசுங்கியிருந்தது.

சி.டி.யோடு சேர்ந்திருந்த ரெசிஸ்டரை அளந்தேன்; சரியாக இருந்தது. வயரை மாற்றினேன், பலனில்லை. சி.டி.தான் மட்டம் என்று முடிவுசெய்து, அதை விற்ற கோயம்புத்தூர் கம்பெனிக்குக் காட்டமாக ஒரு மெயில் எழுதினேன். ‘தரம்’ என்ற சொல்லை நான்கு முறை பயன்படுத்தினேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் வேறொன்று அனுப்பினார்கள். அதிலும் அலை நசுங்கியது. இரண்டாவது மெயில் எழுதினேன்.

எங்கள் மேனேஜர் தினமும் அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வருபவர். பதினொன்றரைக்கு மேல்தான் பேனல் பக்கம் எட்டிப் பார்ப்பார். அவர் வரும்போதெல்லாம் அலை ஒழுங்காக இருந்தது.

“எல்லப்பா ஃபால்ட்டு? நல்லாத்தான இருக்குது?” என்றார், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும். ‘எல்லப்பா’ என்றால் எங்கேப்பா.

“காலையில இருந்துச்சு சார்.”

“நைட்டு தூங்குனியா?”

தூங்கினேன் என்றேன்.

மறுநாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்து பேஸ் சி.டி.யை இங்கேயும் இதை அங்கேயும் மாற்றிப் போட்டேன். அங்கே நல்லபிள்ளையாக இருந்தது இங்கே வந்ததும் நசுங்கியது. நான் திட்டித் தீர்த்தது அங்கே போய் அழகாக வேலை செய்தது. அப்படியானால் குற்றம் வளையலில் இல்லை, அதன் வழியே போகும் மின்சாரத்தில். ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால், ஏதோ ஒன்று மின்சாரத்தை ஒரே திசையில் இழுக்கிறது என்று அர்த்தம். முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். மெயில் எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

அந்த பேஸின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். கேன்டீன் பிரேக்கர் இறங்கியதும் மேடு எழுந்து நின்றது.

கேன்டீனில் பால் அண்டாவுக்கு அடியில் மின் அடுப்பு; பதினோரு மணி டீ முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். அதன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். வயருக்கு நடுவில் ஒரு டையோடு. மின்சாரத்தில் ஒரு திசையில் ஓடும் பாதியை மட்டும் விட்டு, அடுப்பைப் பாதிச் சூட்டில் வைத்திருக்கும்.

“யாருக்கா இத வெச்சது?”

கேன்டீன் நடத்தும் அக்கா பாலைக் கலக்குவதை நிறுத்தவில்லை. “ஏன் சார், நீங்கதான? பாலு பொங்கிப் பொங்கி வழியுதுன்னு சொன்னேன், அஞ்சு நிமிசத்துல போட்டுக் குடுத்தீங்க. அன்னைக்கு ரெண்டு வடை எச்சா சாப்ட்டீங்க.”

முதலில் வடை ஞாபகம் வந்தது. பிறகு டையோடும்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. “கோயம்புத்தூருக்கு எழுது” என்றார். மூன்றாவது மெயில் எழுத அரை நாள் ஆனது. அனுப்பிய சிறிது நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது.

“பரவால்லீங்க. போன மாசம் ஒரு ஹாஸ்டல்ல இதே கதைதானுங்க, உள்ள டையோடு வெச்ச ஹேர் டிரையருங்க” என்றார் ஒருவர், ஆறுதலாக.

டையோடைக் கழற்றினேன். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் புது அடுப்பு வர ஒரு வாரம் ஆனது. அதுவரை காலையில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார். இரண்டு நாள் பொங்கவிட்டேன்.