காயாத பசை

பெரம்பலூரில் நடந்த பெரிய பில்லியர்ட்ஸ் போட்டியில், வாசலோரம் மேசை போட்டு ஆட்டக்காரர்களின் ஸ்டிக்குகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர், நுனியிலிருந்த தோல் டிப் கழன்றுபோன ஸ்டிக்கோடு ஓடிவந்தார். போன வருடம் இதே போட்டியில் ஆடிய என்னை முதல் சுற்றிலேயே தோற்கடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சிரித்தவர்.

"அரை மணி நேரத்துல பைனலுங்க. தாங்குமா?"

பசை காய ஒரு மணி நேரமாவது வேண்டும். தெரிந்தேதான் டிப்பை ஒட்டிக் கொடுத்துச் சொன்னேன்: "தாராளமா ஆடுங்க."

கடைசிப் பந்தை அடிக்கும்போது டிப் தெறித்து விழுந்தது. தோற்றுப்போனார். எனக்கு இனித்தது.

அவருடைய ஊர்க்காரர்கள் என் மேசையைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவரே குறுக்கே வந்தார்.

"அவர விடுங்கடா. காயட்டும்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

"ஆமா, சொன்னேனே" என்றேன் நானும், கூசாமல்.

அவர்கள் போனதும் ஸ்டிக்கை என் முன்னால் வைத்தார்.

"இனிமே அவசரமில்லைங்க. நல்லா காய வச்சே குடுங்க."

போன வருடச் சிரிப்புகூட இவ்வளவு வலிக்கவில்லை.